ஆக்காட்டி ஏன் கத்துகிறது?

அன்புள்ள ஐயா,

சூலூர் பெரிய குளத்துக் கரையில் தினமும் காலையில் நாயோடு நடக்கிறேன். போன வாரம் நாய் பொட்டலில் இறங்கியதும் ஓர் ஆக்காட்டிப் பறவை தலைக்கு மேலேயே சுற்றிச் சுற்றிக் கத்தியது. ஏன்? செத்துக் காய்ந்த பூச்சி போல ஒன்று கோரையில் ஒட்டியிருந்தது. மகள் எடுத்து வந்தாள். அது என்னங்க?

— ஒரு வாசகர், சூலூர்

வணக்கங்க.

ஆக்காட்டி அப்படிக் கத்தினால் பெரும்பாலும் பக்கத்திலேயே முட்டையோ குஞ்சோ இருக்கும். அது மரத்தில் கூடு கட்டாது. தரையில் லேசாகக் குழி பறித்து, சிறு கற்களுக்கு நடுவே மூன்று நான்கு முட்டை இடும். மண் நிறம், மேலே கரும்புள்ளி. காலடியில் கிடந்தாலும் கண்ணுக்குப் படாது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை அதற்கு முட்டைக் காலம். சித்திரை வெயிலில் குளத்தில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்கார்ந்து சூடு தணிக்கும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும்.

எங்கள் நாய் ஒருமுறை அப்படி ஒரு முட்டையை மிதித்துவிட்டது. அந்த ஜோடி அன்று கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதிலிருந்து குளத்துப் பக்கம் போனால் கயிற்றை விடுவதே இல்லை. நீங்களும் விடாதீர்கள். நாய் கடிக்க வேண்டும் என்றில்லை. பறவை எழுந்து போன அந்தச் சித்த நேரம் போதும், காக்கா வந்துவிடும்.

அப்புறம், மகள் எடுத்தது செத்த பூச்சி இல்லை. தட்டான் கழற்றிப் போட்ட சட்டை. தட்டான் குஞ்சு தண்ணீருக்குள்ளேதான் வளர்கிறது. மடக்கி வைத்த கீழ்த்தாடையைச் சட்டென்று நீட்டி, கொசுப் புழுவையும் தலைப்பிரட்டையையும் பிடித்துத் தின்னும். வளர்ந்து முடிந்ததும், பெரும்பாலும் இரவில், கோரைத் தண்டில் ஏறி முதுகைப் பிளந்து தட்டானாக வெளியே வரும். பிளவுக்குள் வெள்ளை நூல் போலத் தொங்குவதைப் பாருங்கள். அது மூச்சுக்குழாயின் உள்தோல். உடம்பின் உள்ளே இருந்த தோலையும் சேர்த்து உரித்துவிட்டுப் பறந்திருக்கிறது! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

நாய் மோந்துகொண்டு நிற்கும்போது கயிற்றை இழுக்காமல் நீங்களும் பக்கத்தில் குந்திப் பாருங்கள். கோரைத் தண்டில் இப்படி இன்னும் நிறையச் சட்டைகள் கிடைக்கும். ஒன்றை எடுத்து மகளின் பாவாடையில் வைத்துப் பாருங்கள். அந்தக் காலி நகம் இன்னும் துணியைப் பிடித்துக்கொள்ளும்.