பேட் ராபர்ட்சன்: எதை எழுதுவது, எப்படி எழுதுவது?

கேள்வி: இதழியல் படிக்கிறேன். அமெரிக்கத் தொலைக்காட்சிப் போதகர் பேட் ராபர்ட்சனைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். தேவ மனிதர் என்கிறார்கள் சிலர், வெறுப்பை விதைத்தவர் என்கிறார்கள் சிலர். நடுநிலையாக எழுதுவது எப்படி?

பதில்: நல்லது பாதி, கெட்டது பாதி என்று பக்கத்தை நிரப்புவது நடுநிலை ஆகாது. நடந்ததைத் துல்லியமாக எழுதுங்கள், அது போதும்.

அவருடைய பேச்சுகளைத் துண்டு வீடியோவில் பார்க்காமல் முழுப் பதிவில் பாருங்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பெண்ணியவாதிகள், தன்பாலின ஈர்ப்பாளர்கள் மீது பழி போட்டவர் ராபர்ட்சன் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். பழி போட்டது அவருடைய '700 கிளப்' நிகழ்ச்சியில் பேசிய இன்னொரு போதகர் ஜெர்ரி ஃபால்வெல். ராபர்ட்சன் அதை ஆமோதித்தார். ஆமோதித்ததும் தவறுதான், ஆனால் வாக்கியத்துக்கு உரியவர் யார் என்பதில் பிசகக் கூடாது. 2005இல் வெனிசுலா அதிபர் ஹ்யூகோ சாவேஸைக் கொன்றுவிடலாம் என்றார். கண்டனம் எழுந்ததும், கொலை என்று நான் சொல்லவேயில்லை என்று மறுத்தார். பதிவில் அந்தச் சொல் இருந்தது. அப்புறம்தான் மன்னிப்பு வந்தது. மன்னிப்பை மட்டும் எழுதினால் அந்த மறுப்பு மறைந்துபோகும்.

ஹைதி விஷயத்தில் நிதானம் தேவை. 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்கு மறுநாள், பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து விடுபட அந்த மக்களின் முன்னோர் சாத்தானோடு ஒப்பந்தம் செய்தார்கள் என்றார். அடிமைத்தளையை உடைத்த ஒரு மக்களை, இடிபாடுகளில் உறவுகளைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் இப்படிப் பேசியது கொடுமை. அவர் தொடங்கிய 'ஆபரேஷன் பிளெஸ்ஸிங்' தொண்டு அமைப்பு அங்கே நிவாரணப் பணி செய்ததும் உண்மை. இரண்டையும் ஒரே பத்தியில் வையுங்கள். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்க வேண்டாம்.

அதே அமைப்பின் விமானங்கள் 1990களில் ஜயரில் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) அவருடைய வைரச் சுரங்கத் தொழிலுக்குப் பயன்பட்டதாகப் புகார் எழுந்தது. வர்ஜீனியா மாநிலம் விசாரித்தது, வழக்குத் தொடரவில்லை. புகாரை எழுதினால் இந்த முடிவையும் எழுதியாக வேண்டும்.

ஆனால் கட்டுரையின் பெரும்பகுதி அவர் கட்டிய நிறுவனங்களுக்குப் போகட்டும். எல்லோரும் சர்ச்சைப் பேச்சுகளிலேயே நின்றுவிடுகிறார்கள். 1961இல் வர்ஜீனியாவில் ஒரு சின்ன நிலையத்தில் ஒளிபரப்பைத் தொடங்கினார். மாதம் 10 டாலர் தர 700 பேர் வேண்டும் என்று கேட்டதில் பிறந்ததுதான் '700 கிளப்' என்ற பெயர். 1988இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில், அயோவா மாநிலத்தில் அப்போதைய துணை அதிபர் ஜார்ஜ் புஷ்ஷையே முந்தி இரண்டாமிடம் பிடித்தார். வேட்பாளராக முடியவில்லை. ஆனாலும் அடுத்த ஆண்டே 'கிறிஸ்டியன் கோயலிஷன்' என்ற அமைப்பைத் தொடங்கி, பழமைவாதக் கிறிஸ்தவர்களைக் குடியரசுக் கட்சிக்குள் உள்ளூர்த் தேர்தல்வரை அணிதிரட்டினார். 2023இல் அவர் இறந்த பிறகும் அவருடைய தொலைக்காட்சியும் அவர் நிறுவிய ரீஜென்ட் பல்கலைக்கழகமும் இயங்குகின்றன. அமெரிக்க அரசியலை மாற்றியது அவருடைய நாக்கைவிட இந்த நிறுவனங்கள்தான் என்பது என் கணிப்பு.

2012இல் கஞ்சாவை மதுவைப் போல நடத்த வேண்டும் என்றதையும், 2020 தேர்தலுக்குப் பிறகு டிரம்ப் தோல்வியை ஏற்று நகர வேண்டும் என்றதையும் விட்டுவிடாதீர்கள். அவருடைய ஆதரவாளர்களே எதிர்பார்க்காத பேச்சுகள் இவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும்.