கனடா, ஜமைக்கா போன்ற பொதுநலவாய நாடுகள் இன்னமும் பிரித்தானிய மன்னரைத் தலைவராக வைத்திருக்க வேண்டுமா, குடியரசாகிவிட வேண்டுமா?

கனடாவின் ஸ்காபரோவில் குடியுரிமை எடுத்த நாளில், எலிசபெத் மகாராணிக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று கையை உயர்த்திச் சொன்னேன். பக்கத்தில் நின்ற அண்ணர், "இவருடைய ஆட்களிடமிருந்துதானே 1948இல் சுதந்திரம் வாங்கினோம்?" என்று முணுமுணுத்தார். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன். உண்மையில் அப்போது நாம் முழுதாகப் பிரியவில்லை; 1972 மே 22 வரை இலங்கைக்கும் எலிசபெத்தான் ராணி.

ஒருவர் பிறப்பால் நாட்டுத் தலைவராவது எனக்குப் பிடிக்காத ஏற்பாடுதான். ஆனாலும் 'குடியரசு' என்றதும் கை தட்ட மாட்டேன். மன்னரை அனுப்பும் சாக்கில் வேறு எதையெல்லாம் சேர்த்து அனுப்புகிறார்கள் என்று முதலில் பார்ப்பேன். இது இலங்கைத் தமிழனுக்கு வந்த பழக்கம்.

சுதந்திர இலங்கையின் முதல் அரசியலமைப்பான சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதகமான சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக்கூடாது என்றது. 1972 குடியரசு அரசியலமைப்பில் அது இல்லை. சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்பதும் பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்பதும் அரசியலமைப்புக்குள்ளேயே ஏறிவிட்டன. மொழிக் கோரிக்கை தோற்றபின் தமிழரசுக் கட்சி 1971இலேயே அரசியல் நிர்ணய சபையை விட்டு வெளியேறியிருந்தது. சிங்களத் தேர்ச்சி இல்லையென்று சம்பள உயர்வு மறுக்கப்பட்ட எழுதுவினைஞர் கோடீஸ்வரனின் வழக்கில், அரசு ஊழியர் சம்பளத்துக்காக அரசின்மேல் வழக்குத் தொடரலாம் என்று 1969இல் தீர்ப்பளித்தது, அப்போது இலங்கையின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனிலிருந்த கோமறைக் கழகம் (Privy Council). சில ஆண்டுகளுக்குள் அங்கே மேன்முறையீடு செய்யும் வழியே அடைபட்டது.

மகுடம் நம்மைக் காப்பாற்றியதா என்று கேட்டால், இல்லை. மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய 1948 சட்டம் முடியாட்சியில்தான் வந்தது. அது செல்லும் என்று சொன்னதும் இதே கோமறைக் கழகம். 1956 தனிச் சிங்களச் சட்டமும் அப்படி வந்ததுதான். இருந்த ஒரு மெல்லிய வேலியையும் பிடுங்கினார்கள் என்பதே என் மனத்தாங்கல்.

பார்படோஸ் 2021 நவம்பர் 30இல் குடியரசானபோது அரசியின் பிரதிநிதியாக இருந்த மகாதேசாதிபதி சான்ட்ரா மேசனே முதல் ஜனாதிபதியானார். இலங்கையிலும் வில்லியம் கோபல்லாவ அப்படித்தான் ஆனார். ஆனால் பார்படோஸ் அரசியலமைப்பின் மற்றப் பகுதிகளைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவைத்தது. அந்த மாதிரி மாற்றத்துக்கு நான் தாராளமாக வாக்களிப்பேன்.

கனடாவில் அதற்கு நாடாளுமன்றத்தின் இரு அவைகளோடு பத்து மாகாணங்களும் சம்மதிக்க வேண்டும். பூர்வகுடிகளின் ஒப்பந்தங்கள் வேறு மகுடத்தோடு செய்யப்பட்டவை. அரசியலமைப்பை ஒருமுறை திறந்தால் கியூபெக் முதல் ஆல்பர்ட்டா வரை ஆளுக்கொரு பட்டியலை நீட்டுவார்கள். இங்கே எனக்கு அவசரமே இல்லை.

ஜமைக்காவில் மன்னர் போவதில் இரு பெரிய கட்சிகளுக்கும் சம்மதம்தான். இறுதி மேன்முறையீட்டுக்கு லண்டன் கோமறைக் கழகத்தையே வைத்திருப்பதா, கரீபிய நீதிமன்றத்துக்கு மாறுவதா என்பதில்தான் முட்டிக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது சில்லறைச் சண்டையாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை.