பால்கனி கேபின்: டெக் பிளானைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கப்பல் பயணத்தில் பால்கனி கேபின் எடுப்பது பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

சிங்கப்பூரில் ஏறி பினாங்கு போய்த் திரும்பும் மூன்று இரவுப் பயணம். பால்கனிக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கேட்கிறார்கள். தேவையா? – மதுரை வாசகர்

தேவையில்லை. முதல் நாள் கப்பல் ஏறி, பாதுகாப்புப் பயிற்சியை முடித்து, சாப்பிட்டுவிட்டு அறைக்கு வரும்போது இருட்டிவிடும். அடுத்த நாள் பினாங்கில் இறங்கி ஊர் சுற்றப் போய்விடுவீர்கள். மலாக்கா நீரிணையில் நடுப்பகலில் வெளியே உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும். காற்று வரட்டும் என்று கதவைத் திறந்து வைத்தால் பல கப்பல்களில் ஏசி தானாக நின்றுவிடும். ஒரு சாதாரண சன்னல் கேபின் போதும்.

நல்ல பால்கனி கேபின் ஒன்று சொல்லுங்கள். – சேலம்

எந்தக் கப்பல்? எந்த மாதம்? எத்தனை பேர்? கூட வருபவர்களில் யாருக்காவது முழங்கால் வலி, தலைசுற்றல் உண்டா? இவற்றில் ஒன்றைக்கூட எழுதாமல் கேட்டால் நான் என்ன சொல்வது? விவரத்தோடு மறுபடி எழுதுங்கள். அதற்குள் அந்தக் கப்பலின் டெக் பிளானை, அதாவது எந்தத் தளத்தில் எந்தக் கேபின், மேலும் கீழும் என்ன என்று காட்டும் வரைபடத்தை, இணையத்திலிருந்து இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

செலிப்ரிட்டி எட்ஜ் கப்பலில் ‘இன்ஃபினிட் வராண்டா’ எடுக்கச் சொல்கிறார் ஏஜென்ட். சாதாரண பால்கனி கேபினைவிட அறை பெரியது என்கிறார். உண்மைதானா? – கோயம்புத்தூர் வாசகி

அறை பெரியதுதான். ஆனால் எதனால் பெரிதாயிற்று என்பதை ஏஜென்ட் சொல்லவில்லை. பால்கனியை எடுத்து அறைக்குள் சேர்த்துவிட்டார்கள், அதனால் பெரிதாயிற்று. விளம்பரத்தில் 240 சதுர அடி என்று போட்டிருப்பார்கள். அதில் 40 சதுர அடி, வேறு கப்பலாக இருந்தால் வெளியே திறந்த பால்கனியாக இருந்திருக்க வேண்டிய இடம்.

அமைப்பு இப்படி: கப்பலின் வெளி விளிம்பில் கூரையிலிருந்து தரை வரைக்கும் கண்ணாடி. பொத்தானை அழுத்தினால் அதன் மேல்பாதி கீழே இறங்கும், கீழ்ப்பாதி அப்படியே நிற்கும். நீங்கள் அதன்மேல் கை வைத்துக் கடலைப் பார்க்கலாம். கண்ணாடியை இறக்கிவிட்டால் ஏசி நிற்கும். காற்று பலமானால் கேப்டன் கப்பலை ஓட்டும் அறையில் இருந்தே எல்லாக் கண்ணாடிகளையும் பூட்டிவிட முடியும். அப்போது உங்களிடம் இருப்பது ஒரு பெரிய சன்னல் மட்டும்தான்.

பால்கனிக்குப் பணம் கட்டுபவர் எதற்காகக் கட்டுகிறார்? கணவர் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து காபிக் கோப்பையோடு வெளியே போய், பின்னால் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். மனைவி உள்ளே இருட்டில் நிம்மதியாகத் தூங்க வேண்டும். வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் வசதிதான் பால்கனி. இன்ஃபினிட் வகையில் கண்ணாடியை இறக்கிய உடனே கடல் இரைச்சலும் ஈரக் காற்றும் வெளிச்சமும் அறைக்குள் வந்துவிடும். நடுவே மடக்குக் கதவு இருந்தாலும் கெட்டியான பால்கனிக் கதவு அடைக்கிற மாதிரி அது அடைக்காது.

இந்த ஏற்பாடு கடல் கப்பலுக்கு முன்பே நதிக் கப்பல்களில் இருந்தது. அங்கே அதற்கு நியாயம் உண்டு. ஐரோப்பிய நதிகளில் உள்ள மதகுகளின் அகலத்துக்கு அடங்க வேண்டும் என்பதால் ரைனிலிருந்து டான்யூப் வரை போகும் கப்பல்கள் பதினொன்றரை மீட்டருக்கு மேல் அகலமாக இருக்க முடியாது. அதற்குள் இரண்டு பக்கமும் கேபின், நடுவில் நடைபாதை. அங்குலம் அங்குலமாக இடம் பிடிக்க வேண்டிய நெருக்கடி. ஒரு லட்சம் டன்னைத் தாண்டிய கடல் கப்பலுக்கு அந்த நெருக்கடி எங்கே இருக்கிறது? 2018-ல் எட்ஜ் கப்பலில் இதைக் கொண்டுவந்தார்கள். 2024-ல் ராயல் கரீபியனின் ஐகான் கப்பலிலும் சில கேபின்களில் இது வந்துவிட்டது. திறந்த பால்கனியின் இடத்தில் கண்ணாடியை வைத்துவிட்டு, பால்கனி வகையிலேயே விற்கிறார்கள். என் கோபமெல்லாம் அதில்தான்.

குளிர் தாங்காதவர்கள், மழையும் பனியுமான இடத்துக்குப் போகிறவர்கள் இதைத் தாராளமாக எடுக்கலாம், அவர்களுக்கு வசதியும்கூட. திறந்த வெளி வேண்டும் என்பவர்கள் அதே எட்ஜ் கப்பலின் பின்பக்கம் உள்ள ‘சன்செட் வராண்டா’வைக் கேளுங்கள். அது உண்மையான பால்கனி. ஏஜென்டிடம் பேசும்போது ‘பால்கனியா?’ என்று கேட்காதீர்கள். ‘கதவைத் திறந்து வெளியே போய், அந்தக் கதவை எனக்குப் பின்னால் மூட முடியுமா?’ என்று கேளுங்கள்.

‘பார்வை மறைக்கப்பட்ட பால்கனி’ மலிவாக இருக்கிறது. எடுக்கலாமா? – திருச்சி

எது மறைக்கிறது என்று பார்த்துவிட்டு எடுங்கள். பெரும்பாலும் கீழே தொங்கும் லைஃப் போட்தான். சில கேபின்களில் குனிந்து பார்த்தால்தான் படகு தெரியும், நேரே கடல்தான். வேறு சிலவற்றில் கண்ணுக்கு நேரே ஆரஞ்சு நிறப் படகின் கூரையைத் தவிர ஒன்றும் தெரியாது. இரண்டுக்கும் ஒரே விலை வைத்திருப்பார்கள். டெக் பிளானில் படகுகள் எந்த டெக்கில், எந்த எண்ணுக்கு நேரே என்று போட்டிருக்கும்.

எழுத்தில் ‘மறைப்பு’ என்று வராத மறைப்பும் உண்டு. குயின் மேரி 2 கப்பலின் ‘ஷெல்டர்ட் பால்கனி’ கப்பலின் எஃகுச் சுவரிலேயே வெட்டி அமைத்தது. காற்று அடிக்காது, அட்லாண்டிக்கைக் கடக்க அருமையான இடம். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணுக்கு எதிரே இரும்புச் சுவர். எழுந்து நின்றால்தான் கடல்.

ராயல் கரீபியன் ஒயாசிஸ் வகைக் கப்பலில் உட்புறம் பார்த்த பால்கனி விலை குறைவு. குழந்தைகளோடு போகிறோம். – ஈப்போ வாசகர்

இந்தப் பால்கனிகள் கடலைப் பார்க்காமல் கப்பலின் நடுவில் உள்ள இரண்டு திறந்தவெளிகளைப் பார்த்தவை. ‘போர்டுவாக்’ பக்கம் ராட்டினம், பின்கோடியில் நீர்க் காட்சி அரங்கம். குழந்தைகளுக்குப் பிடிக்கும், ராத்திரி காட்சி முடியும்வரை சத்தமும் இருக்கும். ‘சென்ட்ரல் பார்க்’ பக்கம் உண்மையான செடிகொடிகள் உள்ள தோட்டம், அமைதியானது, கடல் தெரியாது. இரண்டிலும் எதிர் வரிசைக் கேபின்காரர்கள் உங்கள் அறைக்குள் பார்க்க முடியும். திரையை மூடாமல் உடை மாற்றாதீர்கள்.

அம்மாவுக்கு 72 வயது, பேருந்திலேயே வாந்தி வரும். பால்கனி எடுத்தால் மேல் டெக்கில் எடுப்பதா, கீழேயா? – கும்பகோணம்

கீழே, கப்பலின் நடுவில். மேலே போகப்போக ஆட்டம் அதிகம், முன்கோடியிலும் பின்கோடியிலும் இன்னும் அதிகம். அதிக விலை என்பதற்காக உச்சி டெக் நல்லது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர்களே ஏறிய மறுநாள் படுத்த படுக்கையாகிவிடுகிறார்கள். பால்கனி அம்மாவுக்கு உதவும், தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் குமட்டல் அடங்கும். மாத்திரையை அவருடைய மருத்துவரிடம் கேட்டு முன்பே வாங்கி வையுங்கள்.

நடுவில் எடுக்கும்போதும் தலைக்கு மேலே என்ன, காலுக்குக் கீழே என்ன என்று பாருங்கள். மேலே நீச்சல் குளமோ பஃபே கூடமோ இருந்தால் விடியும் முன்பே நாற்காலி இழுக்கும் சத்தம் கூரையில் கேட்கும். கீழே நாடக அரங்கம் இருந்தால் நள்ளிரவு வரை ‘தும் தும்’ என்று கட்டில் அதிரும். மேலும் கீழும் கேபின்களே உள்ள டெக்தான் நல்ல டெக்.

பால்கனியில் துணி காயப்போடலாமா? சின்ன ரைஸ் குக்கர் வைத்துக்கொள்ளலாமா? – பெயர் வேண்டாம் என்று எழுதியவர்

இரண்டும் கூடாது. குக்கரைப் பெட்டிச் சோதனையிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். துணி பறந்து போனால் பக்கத்துக் கேபினில் விழும், இல்லையென்றால் கடலில்.

கூடவே சிகரெட்டையும் சொல்லிவிடுகிறேன், அதைக் கேட்டு வேறு மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. 2006 மார்ச்சில் ஜமைக்காவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் ஒரு பால்கனியில் தீப்பிடித்தது. அணைக்காமல் எறிந்த சிகரெட் துண்டுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று விசாரணை சொன்னது. பால்கனிகளுக்கு நடுவே இருந்த பிளாஸ்டிக் தடுப்புகள் வழியாகத் தீ டெக் டெக்காக ஏறியது. ஒரு பயணி இறந்தார், நூற்றுக்கும் மேற்பட்ட கேபின்கள் பாழாயின. அதன் பிறகுதான் பால்கனித் தடுப்புகளுக்கும் நாற்காலிகளுக்கும் சர்வதேச விதிகள் கடுமையாயின. இப்போது பெரும்பாலான கம்பெனிகள் பால்கனியில் புகைக்கவே விடுவதில்லை. உங்கள் ஒரு சிகரெட் துண்டு, கீழ் டெக்கில் யாரோ உலர்த்தியிருக்கும் துவாலையில் போய் விழும். தயவுசெய்து வேண்டாம்.

சென்னையிலிருந்து இலங்கைக்குப் போய்வந்த கார்டிலியா எம்ப்ரஸ் கப்பலில் பால்கனியே கிடைக்கவில்லை. ஏமாற்றுகிறார்களா? – சென்னை

இல்லை. அது 1990-ல் கட்டிய கப்பல். அந்தக் காலத்தில் பால்கனி என்பது பணக்காரர்களுக்காக வைத்த சில கேபின்கள்தான். உள்ளதே கொஞ்சம், சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பின்பக்க பால்கனி நல்லதா? – நாகர்கோவில்

கப்பல் கிழித்துக்கொண்டு போகும் வெள்ளைத் தடத்தைப் பார்த்துக்கொண்டே உட்காரலாம், எனக்கு மிகவும் பிடித்த இடம். சில கப்பல்களில் பால்கனியும் பெரிது. ஆனால் துறைமுகத்துக்குள் நுழையும்போது அதிரும், புகைபோக்கிக் கரி சில நாள் நாற்காலியில் படியும், லிஃப்டுக்கு நீண்ட நடை. பின்புறம் படிப்படியாகச் சரிந்த கப்பலாக இருந்தால் மேல் டெக்காரர்களுக்கு நீங்கள் முழுசாகத் தெரிவீர்கள்.

மகள் வான்கூவரிலிருந்து அலாஸ்காவுக்கு ஒருவழிப் பயணம் போட்டிருக்கிறாள். எந்தப் பக்கம் எடுப்பது? – தஞ்சாவூர்

வடக்கே போகிறீர்கள் என்றால் வலப்பக்கம், நிலப்பகுதி அந்தப் பக்கம் வரும். தெற்கே திரும்பி வருவதானால் இடப்பக்கம். கிளேசியர் பே என்ற விரிகுடாவில் மட்டும் கவலை வேண்டாம். மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பலை மெதுவாகத் திருப்புவார்கள், இரண்டு பக்கத்தாருக்கும் காட்சி கிடைக்கும். கேபின் எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று வைத்துப் பக்கத்தை ஊகிக்காதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதற்கும் டெக் பிளான்தான். இந்தப் பயணத்தில் பால்கனிக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

‘கேரண்டி’ விலையில் பால்கனி எடுத்தேன். இப்போது எண்ணை மாற்றித் தருவார்களா? – வேலூர்

தரமாட்டார்கள். எண்ணைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை விட்டுக்கொடுத்துத்தான் அந்த விலையை வாங்கினீர்கள்.

இரண்டு குடும்பங்கள், பக்கத்துப் பக்கத்துக் கேபின். நடுத் தடுப்பைத் திறந்து ஒரே பால்கனியாக்க முடியுமா? – கிள்ளான்

பல கப்பல்களில் முடியும், எல்லாக் கேபின்களிலும் முடியாது. முன்பதிவின்போதே கேட்டு வையுங்கள். ஏறியதும் கேபின் ஊழியரிடம் சொன்னால் சாவி போட்டுத் திறந்துவிடுவார். சின்னக் குழந்தை இருந்தால் கம்பிப் பக்கத்திலிருந்து நாற்காலியை நகர்த்திய பிறகு திறக்கச் சொல்லுங்கள்.