ஒரே அச்சு, ஒரே மண்: தனியாக்குவது எது?

கேள்வி: விளாச்சேரியில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மை செய்கிறோம், ஐயா. ஒரே மண், ஒரே அச்சு. பத்து இடையர் பொம்மைகளைக் காய வைத்தால் எது எதுவென்று எனக்கே தெரியாது. ‘ஒவ்வொன்றும் ஏன் தனி’ என்பதைப் பற்றி அந்தக்கால பிரான்சிஸ்கன் துறவிகள் வாதாடினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஒன்றைத் தனியாக்குவது எது? மண்ணா?
– ஒரு வாசகி, விளாச்சேரி

பதில்: இந்தக் கேள்வி உங்களிடமிருந்து வந்ததில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி, அம்மா. 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்து குடில் அமைத்தவர், பிரான்சிஸ்கன் சபையை நிறுவிய பிரான்சிஸ் அசிசியார்தானே.

‘மண்ணா?’ என்றீர்கள். 13-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தோமா அக்குவினாஸ் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார். வடிவம் எல்லாவற்றுக்கும் பொது. இவ்வளவு என்று அளவுபட்ட பருப்பொருள்தான் தனியாக்குகிறது என்பது அவர் முடிவு. பிரான்சிஸ்கன் துறவி ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸ் இதை ஏற்கவில்லை. ஸ்காட்லாந்தில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டிலும் பாரிஸிலும் பாடம் சொல்லி, 1308-இல் கொலோனில் இறந்தவர். அளவும் இடமும் பொருளைச் சார்ந்து வருபவை, அவை எப்படிப் பொருளையே தனியாக்கும் என்று கேட்டார். எங்கள் வீட்டுக் குடிலில் உங்கள் ஊர் இடையர் ஒருவர் இருக்கிறார், கால் உடைந்து ஒட்டியவர். அந்த ஒட்டை வைத்துத்தான் அவரைக் கண்டுபிடிக்கிறோம். ஆனால் உடைவதற்கு முன்பும் அவர் அவர்தானே! சரி, வெறும் மண்தான் காரணம் என்றால், அந்த மண் உருண்டை ‘இந்த’ உருண்டை ஆனது எப்படி?

ஸ்கோட்டஸ் தம் நூலில் இதைப் பேசியதே வானதூதர்களைப் பற்றிய பகுதியில். அவர்களுக்கு உடல் இல்லை. தனியாக்குவது பருப்பொருள்தான் என்றால் ஓர் இனத்துக்கு ஒரே தூதர்தான் இருக்க முடியும். அக்குவினாஸ் தயங்காமல் அதை ஏற்றுக்கொண்டார். பருப்பொருள் இல்லாமல் ஓரினத்தில் பலரைக் கடவுளால் உண்டாக்க முடியாது என்ற கூற்றோ, 1277-இல் பாரிஸ் ஆயர் கண்டித்த 219 கூற்றுகளில் ஒன்று.

ஸ்கோட்டஸின் பதில் இதுதான்: ஒவ்வொன்றிலும் ஒரு பொது இயல்பு உண்டு, அதை ‘இது’ என்று முடித்துவைக்கும் கடைசி உறுதிப்பாடும் உண்டு. இந்த உறுதிப்பாட்டை லத்தீனில் ஹெக்கெயித்தாஸ், அதாவது ‘இதுவாக இருத்தல்’ என்பார்கள். அது நிறமோ கீறலோ அல்ல, மேலே அப்பிய இன்னொரு பொருளும் அல்ல. இயல்பிலிருந்து அதைப் பிரித்தெடுக்க முடியாது. ஆனாலும் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நம் மனம் கற்பித்ததல்ல.

அடுத்த தலைமுறையில் வந்த ஒக்காம், அவரும் பிரான்சிஸ்கன்தான், இதெல்லாம் வேண்டாம், எதுவும் தன்னாலேயே தனி என்று முடித்துவிட்டார். நான் ஸ்கோட்டஸ் பக்கம். பொது இயல்பு என்று ஒன்று இல்லை, அது வெறும் பெயர் என்றால், இரண்டு இடையருக்குள் இருக்கும் ஒற்றுமை இடையருக்கும் ஒட்டகத்துக்கும் ஏன் இல்லை?

அப்புறம், உங்களுக்கே அடையாளம் தெரிவதில்லை என்றீர்களே, அது உங்கள் கண்ணின் குறை அல்ல. அந்தக் கடைசி உறுதிப்பாட்டை இந்த வாழ்வில் நம் அறிவு நேராகப் பற்றுவதில்லை என்றே ஸ்கோட்டஸ் சொன்னார். நமக்குக் கிடைப்பது நிறம், இடம், கீறல் மட்டும்தான். ஆனால் கடவுள் ஒவ்வொன்றையும் ‘இது’ என்றே அறிகிறார், ‘இது’ என்றே விரும்பிப் படைக்கிறார் என்பது அவர் நம்பிக்கை.