வெளிநாட்டுச் செடி வாங்கும் முன்: இரவுச் சூடு, ஐப்பசி மழை, இன்னும் சில கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி அவகாடோ, டிராகன், ரம்புட்டான், ஆப்பிள் பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் செடி விற்கிறவள். அதனால் "வாங்காதீர்கள்" என்று எழுதும் இடங்களில் என்னைக் கொஞ்சம் கூடுதலாகவே நம்பலாம்.

வேளச்சேரி: மாடியில் டிராகன் பழச்செடி வைத்து இரண்டு வருடம் ஆகிறது அக்கா. கள்ளிதானே, எந்த வெயிலும் தாங்கும் என்றார்கள். சித்திரையில் தண்டு மஞ்சளாகி, மேற்குப் பக்கம் வெளுத்தே போய்விட்டது. தண்ணீர் போதவில்லையா?

தண்ணீர் போதும், வெயில்தான் அதிகம். கள்ளி இனம்தான், ஆனால் பாலைவனத்தில் வளர்ந்த கள்ளி இல்லை. மத்திய அமெரிக்கக் காடுகளில் மரங்களைப் பற்றி ஏறி, இலைகளுக்கு நடுவே சிதறி விழும் வெளிச்சத்தில் வாழ்கிற கொடி அது. வெயில் 38, 40 டிகிரியைத் தாண்டினால் தண்டு வெந்துவிடும். மேற்குப் பக்கம் மட்டும் வெளுத்திருக்கிறது என்கிறீர்களே, பிற்பகல் வெயிலின் வேலைதான் அது. போதாததற்கு மாடித்தரையும் கைப்பிடிச் சுவரும் பகலெல்லாம் வாங்கிவைத்த சூட்டை ராத்திரி வரை விட்டுக்கொண்டே இருக்கும்.

பங்குனி கடைசியிலேயே 30 முதல் 50 சதவீத நிழல்வலை கட்டிவிடுங்கள். மேலே மட்டும் போதாது, மேற்குப் பக்கமும் ஒரு திரை வேண்டும். வெயில் தணிந்ததும் கழற்றிவிடுங்கள், வருடம் முழுக்க நிழலிலேயே இருந்தால் பூ குறையும். வெளுத்த இடம் மறுபடி பச்சையாகாது. தொட்டால் கெட்டியாக இருக்கிறதா? விட்டுவிடுங்கள். கொழகொழவென்று இருந்தால் மட்டும் வெட்டுங்கள். வாடுகிறதே என்று தினமும் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். வேர் மேலாகவே ஓடுகிற செடி, சீக்கிரம் அழுகும்.

அதே டிராகன், கோவையிலிருந்து: பூ நன்றாக வருகிறது, நாலு நாளில் மஞ்சளாகி விழுகிறது.

சிவப்புச் சதை ரகமாக இருக்கும். அவற்றில் பல தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. பக்கத்தில் வேறொரு ரகம் இருக்க வேண்டும். பூ ஒரே ஓர் இரவுதான் விரியும். அதன் சொந்த ஊரில் வௌவாலும் அந்துப்பூச்சியும் செய்கிற வேலையை இங்கே நீங்கள்தான் செய்யவேண்டும். ராத்திரி ஒன்பது, பத்து மணிக்கு மென்மையான பிரஷ் ஒன்றை எடுத்துக்கொண்டு மாடி ஏறுங்கள், விடிவதற்குள் முடித்துவிடுங்கள். காய் பிடித்தால் ஒரு மாதத்தில், கொஞ்சம் முன்பின்னாக, பழம்.

திருப்பூர்: கலர் குடைமிளகாய் செடி நன்றாக வளர்கிறது, ஒரு காய்கூட நிற்கவில்லை. நிழல்வலையும் போட்டிருக்கிறேன், நுண்ணூட்டமும் கொடுத்துவிட்டேன்.

உரத்தை நிறுத்துங்கள். உங்கள் சிக்கல் ராத்திரியில் இருக்கிறது. இரவு 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் குடைமிளகாயும் பெரிய தக்காளி ரகங்களும் பூவை உதிர்த்துவிடும், மகரந்தம் சரியாக வேலை செய்யாது.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற கேள்விகளில் பாதிக்கும் இதுவே பதில். "எத்தனை டிகிரி வெயில் தாங்கும்" என்று எல்லோரும் பகலைத்தான் கேட்கிறார்கள். பகல் சூட்டுக்கு நிழல்வலை உண்டு, மூடாக்கு உண்டு, தண்ணீர் தெளிக்கலாம். ராத்திரிச் சூட்டுக்கு வீட்டுத் தோட்டக்காரர் கையில் எதுவுமே இல்லை. செடி பகலில் சம்பாதித்ததை இரவில் மூச்சு விட்டே செலவழிக்கிறது, சூடு ஏற ஏறச் செலவும் ஏறும். சென்னையில் மே மாத இரவே சராசரியாக 28 டிகிரி இருக்கும். பருவநிலை மாற்றத்தில் இரவும் சூடாகிறது, கான்கிரீட் நெருக்கமான நகரத்தில் இன்னும் கூடுதலாக. ஆகவே எந்த வெளிநாட்டுச் செடியாக இருந்தாலும், அதன் சொந்த ஊரில் ராத்திரி எப்படி இருக்கும் என்று முதலில் பாருங்கள். அதே நிலநடுக்கோட்டுப் பகுதிதான் என்றாலும் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊரும் கடலோர ஊரும் ஒன்றாகாது.

குடைமிளகாயை ஐப்பசி கார்த்திகையில் நாற்றுவிட்டு, மார்கழி தையில் பூக்கிற மாதிரி வையுங்கள். காய்க்கும்.

மறைமலைநகர்: ஹாஸ் அவகாடோ ஒட்டுச்செடி 1,500 ரூபாய்க்கு வாங்கினேன் மேடம். இலை நுனியெல்லாம் கருகுகிறது. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.

வாங்கும் முன் கேட்டிருக்கலாம்! சரி, வாங்கியாகிவிட்டது.

அவகாடோவில் மூன்று வழி உண்டு: மெக்சிகோ வழி, குவாத்தமாலா வழி, மேற்கிந்தியத் தீவு வழி. முதல் இரண்டும் மலைச்செடிகள். ஹாஸ் அந்த இரண்டின் கலப்பு. மூன்றாவதுதான் தாழ்வான, சூடான நாட்டுக்குப் பழகியது. கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி பக்கமும், ஏற்காட்டிலும், குடகிலும் காபிக்கு நடுவே அவகாடோ நன்றாக வருகிறதென்றால் அந்த உயரம்தான் காரணம். தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.டி.1 ரகமும் அந்த மலைக்கானதே. சமவெளிக்கு ஆசைப்பட்டால் பொல்லாக், சிம்மண்ட்ஸ் போன்ற மேற்கிந்திய ரகங்களைத் தேடுங்கள். எண்ணெய்ச் சத்து குறைவு, பழம் பெரிது, கொஞ்சம் நீர்த்த ருசி. ஹாஸ் சாப்பிட்டுப் பழகியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் மரம் நிற்கும்.

நுனி கருகுவது உப்பு. அவகாடோவுக்கு உப்புத் தண்ணீர் ஆகவே ஆகாது. மழைநீர் பிடித்துவைத்து ஊற்றுங்கள். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரை ஊற்றிவிடாதீர்கள், அதில் உப்பு இன்னும் கூடுதல். கோடையில் மேலோட்டமாகக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனாலும் உப்பு வேரடியிலேயே தங்கும். ஊற்றினால் அடிவரை இறங்குகிற மாதிரி ஊற்றி, அப்புறம் மண் காய விடுங்கள்.

உப்பைவிடப் பெரிய எமன் ஐப்பசி மழை. வேர் ஓரிரு நாள் தண்ணீரில் நின்றாலே பைட்டாப்தோரா பூஞ்சை வேரை அழுகவைத்துவிடும். குழியில் நடாமல் ஒன்றரை, இரண்டு அடி மேடு கட்டி அதன்மேல் நடுங்கள்.

பெரம்பலூர்: ஒரே ஓர் அவகாடோ மரம் போதுமா? ஏ, பி என்கிறார்களே?

ஒரே பூ முதல் நாள் பெண்ணாகவும் மறுநாள் ஆணாகவும் விரியும். ஏ வகையில் பெண் பூ காலையில், பி வகையில் பிற்பகலில். இரண்டும் இருந்தால் ஒன்றின் நேரத்துக்கு மற்றது கைகொடுக்கும். ஒற்றை மரமும் காய்க்கும், குறைவாக. பொல்லாக் பி, சிம்மண்ட்ஸ் ஏ. இடமிருந்தால் இரண்டையும் வையுங்கள்.

சேலம்: 45 டிகிரியிலும் காய்க்கும் ஆப்பிள் என்று ஒரு காணொளி பார்த்தேன். நிஜமா?

எச்.ஆர்.எம்.என். 99 பற்றித்தான் கேட்கிறீர்கள். இமாச்சலின் பிலாஸ்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஹரிமன் சர்மா உருவாக்கிய ரகம். உண்மையான சாதனை, அவருக்குப் பத்மஸ்ரீயும் கிடைத்தது. ஆனால் பிலாஸ்பூரில் கோடை எவ்வளவு சுட்டாலும் குளிர்கால இரவு ஒற்றை இலக்க டிகிரிக்கு இறங்கும். ஆப்பிள் தூங்கி எழ அந்தக் குளிர் வேண்டும். 7 டிகிரிக்குக் கீழே கழிந்த நேரத்தைக் கூட்டிக் கணக்கிடுவார்கள். பழைய காஷ்மீர் ரகங்களுக்கு ஆயிரம் மணிநேரம் வரை தேவைப்படும். அன்னா, டார்செட் கோல்டன் மாதிரி குறைந்த குளிர் ரகங்களுக்கு இருநூறு, முந்நூறு. சேலம் நகரத்தில் ஒரு மணிநேரம்கூடக் கிடைக்காது.

இருந்தும் சிலர் மாடியில் காய்த்ததாகப் படம் போடுகிறார்களே என்றால், அதற்கும் வழி இருக்கிறது. இந்தோனேசியாவில் கிழக்கு ஜாவாவின் பாத்து மலைப்பகுதியில் குளிரே இல்லாமல் ஆப்பிள் விளைவிக்கிறார்கள். அறுவடை முடிந்ததும் மரத்தின் இலைகளைக் கையால் உருவிவிடுவார்கள். மரம் தூங்கப் போகாமலே அடுத்த பூவுக்குக் கிளம்பிவிடும், வருடத்துக்கு இரண்டு அறுவடைகூட எடுப்பார்கள். ஆனால் அதுவும் மலை, ராத்திரி இதமாக இருக்கும். சேலத்து மாடியில் இலை உருவினால் நாலைந்து சின்னப் பழம் கிடைக்கலாம். வேடிக்கைக்கு வைக்கலாம், வருமானக் கணக்குப் போடாதீர்கள். ஏற்காட்டில் நிலம் இருந்தால் பேசுவோம்.

கொடைக்கானல்: எங்கள் பேரி மரங்களில் துளிர் ஒரு பக்கம் வருகிறது, ஒரு பக்கம் வெறும் குச்சியாக நிற்கிறது. அப்பா காலத்தில் இப்படி இல்லை.

குளிர் போதாத மரத்தின் அடையாளம் அதுதான். மொட்டுகள் ஒன்றாக எழாமல் ஒவ்வொன்றாக எழும். பூ நீண்டு இழுத்துக்கொண்டே போகும், காயும் ஒரே சமயத்தில் பழுக்காது. மேலே சொன்ன இலை உருவும் முறையை ஒன்றிரண்டு மரத்தில் மட்டும் பாருங்கள். உருவுவதற்குச் சில வாரம் முன்பே தண்ணீரைக் குறைத்துவிடுங்கள், நைட்ரஜன் உரம் வேண்டாம். நிமிர்ந்து போகும் கிளைகளைக் கயிறு கட்டிக் கிடையாக வளைத்தால் பக்க மொட்டுகள் விழிக்கும். பழைய மரத்தை வெட்டிவிடாதீர்கள், வேர் உங்கள் மண்ணுக்குப் பழகியது. அதன் தலையிலேயே குறைந்த குளிர் ரகத்தை ஒட்டுக்கட்டலாம்.

யாழ்ப்பாணம்: அக்கா, மல்வானைப் பக்கமிருந்து றம்புட்டான் கன்று கொண்டுவந்து வைத்தனான். இலை ஓரம் எரிஞ்ச மாதிரி, நரம்பு மட்டும் பச்சையாக இருக்குது. கிணற்றுத் தண்ணிதான் விடுறன்.

இரண்டு நோய் சேர்ந்து இருக்கிறது தம்பி. ஓரம் எரிவது உப்பு. நரம்பு பச்சையாக நின்று நடுவில் மஞ்சளாவது இரும்புச் சத்து ஏறாததால். உங்கள் சுண்ணாம்புக்கல் மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. மல்வானை ஈரவலயம், மழை ஓயாத ஊர். நீங்கள் இருப்பது உலர்வலயம். ஆசைக்கு ஒரே ஒரு கன்றைப் பெரிய சாடியில் இலைமக்கும் மழைத்தண்ணீருமாக வளர்த்துப் பார்க்கலாம், பொட்டாஷ் போட்டால் குளோரைடு இல்லாத சல்பேட் வகையாகப் போடுங்கள். என்னைக் கேட்டால் அந்த இடத்தில் மாதுளையும் திராட்சையும் வைப்பேன். கவாத்து வெட்டித் திராட்சையைப் பூக்கவைக்கிற வித்தை உங்கள் ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் இருக்கிற ஊரில் றம்புட்டானுக்கு ஏன் இவ்வளவு பாடு என்பது என் சொந்த வயிற்றெரிச்சல்.

மற்ற ரம்புட்டான் கேள்விகளுக்கும் சேர்த்து: விதைக் கன்று வாங்காதீர்கள், பாதி ஆண் மரமாகப் போகும். மங்குஸ்தானுக்கு அந்தப் பயம் இல்லை, விதைக் கன்றும் தாய் மாதிரியே வரும். ஆனால் ஏழிலிருந்து பத்து வருடம் காத்திருக்க வேண்டும். கல்லாறு, பர்லியாறு, குற்றாலம், குமரி மலையடிவாரம் போல நிழலும் ஈரக்காற்றும் உள்ள இடத்தில்தான்.

காட்பாடி: மியாசாகி மாங்கன்று 6,000 ரூபாய் சொல்கிறார்கள். கிலோ இரண்டரை லட்சம் விற்குமாமே?

மியாசாகி ஒரு ரகம் இல்லை, ஜப்பானில் ஒரு மாகாணம். அங்கே விளைவது பெரும்பாலும் இர்வின், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பிறந்த மாம்பழம். பசுமைக்குடிலில் வளர்த்து, ஒவ்வொரு காயையும் வலையில் தொங்கவிட்டு, தானாக உதிர்ந்ததும் எடுத்து, 350 கிராமுக்கு மேல், இனிப்பு அளவு (பிரிக்ஸ்) 15 டிகிரிக்கு மேல் இருப்பதை மட்டும் பெயர் சூட்டி ஏலத்துக்கு அனுப்புவார்கள். 2019இல் ஒரு ஜோடி 5 லட்சம் யென்னுக்குப் போனது ஏலத்தின் முதல் நாள் கௌரவ விலை. நீங்கள் வாங்குகிற கன்றோடு அந்த விலை வராது. அழகான சிவப்புப் பழம் வேண்டுமென்றால் 300 ரூபாய்க்குக் கன்று கிடைக்கும்போது வாங்குங்கள்.

ஊட்டி படம் பார்த்து லாவெண்டர் வாங்கினேன், மழையில் செத்துவிட்டது. (சோழிங்கநல்லூர்)

சாகத்தான் செய்யும். அதற்குக் காய்ந்த காற்று வேண்டும். மாடிக்கு அடீனியம் வையுங்கள், அரேபியா, கிழக்கு ஆப்பிரிக்கா பக்கத்துச் செடி, கத்திரி வெயிலிலும் நன்றாகப் பூக்கும். அடைமழைக்கு மட்டும் கூரைக்கடியில் நகர்த்துங்கள்.

கோத்தகிரி: வேலியோரம் நட, சீக்கிரம் வளர்கிற மஞ்சள் பூ மரம் ஒன்று தருகிறார்கள். சரக்கொன்றை மாதிரி இருக்கிறது.

பூங்கொத்து சரமாகக் கீழே தொங்கினால் நம் சரக்கொன்றை. நிமிர்ந்து நின்றால் அது சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற வெளிநாட்டு மரம், தயவுசெய்து நடாதீர்கள். முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டுக்குள் பரவி, இப்போது அரசே வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. உண்ணிச்செடியும் ஒரு காலத்தில் அழகுக்காகத் தோட்டத்துக்கு வந்ததுதான். கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தை குஜராத் 2023இல் தடை செய்தது, அப்புறம் தமிழ்நாடும். தரை மூடச் சிங்கப்பூர் டெய்சி கேட்கிறவர்களுக்கும் இதுதான்: துண்டு விழுந்த இடமெல்லாம் வேர்விடும், ஓடைக்கரை பக்கம் வேண்டவே வேண்டாம். "பராமரிப்பே தேவையில்லை, தானாகப் பரவும்" என்று கடைக்காரர் சொன்னால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள்.

நாகர்கோவில்: துபாயிலிருந்து வரும் மச்சான் பையில் இரண்டு கன்று வைத்துக் கொண்டுவரலாமா?

கூடாது. 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடை ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், செடியில் நோய் பூச்சி இல்லை என்ற நலச்சான்றும் வேண்டும். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. 2008இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி வெளிநாட்டிலிருந்து வந்தது. மல்பெரி, மரவள்ளி என்று பரவி விவசாயிகளைப் படுத்தி எடுத்தது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. 2016இல் பொள்ளாச்சித் தென்னையில் தெரிந்த சுருள் வெள்ளை ஈயும் அப்படி வந்ததே, அது இன்னும் அடங்கவில்லை. மச்சானிடம் பேரீச்சம்பழமே வாங்கிவரச் சொல்லுங்கள்.

காயல்பட்டினம்: 2023 டிசம்பரில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தோட்டம் முழுக்கப் போய்விட்டது. மறுபடி என்ன வைக்க?

அந்த மாதிரி மழைக்கு எந்தச் செடியும் பதில் இல்லை ஐயா, தண்ணீர் போக வழி முதலில். நிலத்தின் தாழ்ந்த மூலையைக் காலியாக விடுங்கள், வாழை வேண்டுமானால் வைக்கலாம். உயர்ந்த பக்கம் சப்போட்டா, கொய்யா. இரண்டும் வெளிநாடுதான், வந்து தங்கிவிட்ட வெளிநாடு. விலை உயர்ந்த கன்றுகளைத் தொட்டியில் வைத்தால் எச்சரிக்கை வந்த அன்றே நகர்த்தலாம்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்கிறார்களே, பழக்கன்றும் இப்போதே நடலாமா? (பலர்)

கோவை, தென்காசி மலையடிவாரத்தில் நடலாம், தென்மேற்கு மழைச் சாரல் இருக்கும். சென்னை முதல் தூத்துக்குடி வரை கடலோரத்தில் இருப்பவர்கள், அழுகலுக்குப் பயப்படும் அவகாடோ, டிராகன் போன்றவற்றைத் தை பிறந்ததும் நடுங்கள். மழை ஓய்ந்திருக்கும், கத்திரி வருவதற்குள் மூன்று மாதம் வேர்பிடிக்கக் கிடைக்கும். அதுவரை கன்றை வாங்கித் தொட்டியிலேயே வைத்திருங்கள். மேடு கட்டும் வேலையை இப்போதே முடித்துவிட்டால், ஐப்பசி மழையில் தண்ணீர் எங்கே நிற்கிறதென்று பார்த்துவிட்டு இடத்தை மாற்றிக்கொள்ளலாம்.