தம்பிக்கு எந்த வீல்சேர் வாங்கலாம்?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. பைக் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கைகளில் நல்ல பலம் இருக்கிறது. யாரும் தூக்காமல் தானே பாத்ரூம் போய்வர வேண்டும் என்று ஆசைப்படுகிறான். ஆன்லைனில் 18 அங்குல வீல்சேர் 7,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மோட்டார் வைத்ததே வாங்கு என்கிறார்கள் சொந்தக்காரர்கள். எதை வாங்கலாம்?
- வாசகி, துறையூர்

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். முதலில் டேப்பை எடுங்கள். தம்பியை நிமிர்ந்து உட்காரவைத்து, இடுப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு புத்தகத்தை ஒட்டி நிறுத்தி, நடுவில் உள்ள அகலத்தை அளங்கள். அதோடு ஒரு அங்குலம் கூட்டினால் சீட் அளவு. 15 அங்குல இடுப்புக்கு 16 போதும். 18-ல் உட்கார்ந்தால் உடம்பு ஒரு பக்கம் சாயும், சக்கரத்தைத் தள்ளக் கையை அகட்டி அகட்டித் தோள் வலிக்கும்.

அடுத்து பாத்ரூம் கதவு. 18 அங்குல சீட் என்றால் வண்டியின் மொத்த அகலம் சுமார் 26 அங்குலம் வரும். என் அம்மாவுக்கு இதை அளக்காமல் வாங்கிவிட்டோம். பாத்ரூம் வாசல் வரை வீல்சேர், அங்கிருந்து நாங்கள் தூக்க வேண்டும். அம்மா அதற்குக் கூச்சப்பட்டே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார்.

பக்கவாட்டில் கை வைக்கும் கைப்பிடி கழற்றக்கூடியதாக இருக்கட்டும். அப்போதுதான் கட்டிலுக்கும் கமோடுக்கும் தம்பியே நகர்ந்து மாற முடியும். மோட்டார் வாங்காமல் மிச்சமாகும் பணத்தை நல்ல குஷனுக்குச் செலவிடுங்கள். உணர்ச்சி இல்லாத இடத்தில் புண் வந்தாலும் தெரியாது. அரைமணிக்கு ஒருமுறையாவது கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்கவும் பழகட்டும்.

கையில் பலம் இருக்கும்போது மோட்டார் வண்டி வீட்டுக்குள் தேவையில்லை. கனம் அதிகம், ஆட்டோவில் ஏற்றுவது கஷ்டம். வெளியே போக வேண்டும் என்றால், முன்னால் மாட்டிக்கொள்ளும் மோட்டார் இருக்கிறது. சென்னை ஐஐடியில் உருவான நியோபோல்ட் அப்படிப்பட்டதுதான். நியோஃப்ளை வீல்சேரில் மாட்டலாம். அதை அப்புறம் யோசிக்கலாம்.

பணம் கொடுக்கும் முன், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். 40 சதவீத ஊனச் சான்று இருந்து, மாத வருமானம் 22,500 ரூபாய்க்குள் இருந்தால், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்தில் இலவசமாகவே வாங்க வழி உண்டு. அங்கேயும் சீட் அளவைக் கேட்டே வாங்குங்கள்.

கடையில் வாங்கினால் சீட் அளவைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். வேறு அளவைக் கொடுத்துவிட்டு மாற்ற மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் செய்யலாம்.