மானிட்டர் தட்டு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மேசையின் பின்பாதியில் மானிட்டரைத் தூக்கி வைக்கவும், அடியில் கீபோர்டை ஒதுக்கவும் உதவும் பலகைத் தட்டு பற்றி நம் குமரி மாவட்ட நண்பர்கள் கேட்டவை.

நாகர்கோவில்: 24 இஞ்ச் மானிட்டர், கழுத்து வலி. எவ்வளவு உயரத் தட்டு வாங்கலாம்?

முதலில் அளவெடுங்கள். தினமும் உட்காரும் நாற்காலியில், எப்போதும் உட்காருவதுபோலவே உட்காருங்கள். மேசைப் பரப்பிலிருந்து உங்கள் கண் வரை வேறொருவர் டேப் பிடிக்கட்டும். திரையின் மேல் விளிம்பு அந்த உயரத்திலோ கொஞ்சம் கீழேயோ நிற்க வேண்டும். கண் 48 செ.மீ, மானிட்டர் தன் காலில் 40 செ.மீ என்றால் தட்டு 8 செ.மீ-க்கு மேல் போகக் கூடாது. அழகாக இருக்கிறதே என்று 15 செ.மீ-ல் வாங்கினால் அண்ணாந்து பார்த்து வலி கூடும். கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகப் பார்க்கிற பைஃபோகல்காரர்களுக்குத் திரை இன்னும் தாழ வேண்டும். அவர்களில் பலருக்குத் தட்டே தேவைப்படாது.

குளச்சல்: ஆன்லைனில் வாங்கிய தட்டு ஒரே மழைக்காலத்தில் ஓரம் ஊதிவிட்டது. ஏன்?

அது பார்ட்டிகிள் போர்டாகவோ எம்.டி.எஃப் ஆகவோ இருக்கும்; இரண்டும் மரத்துகளையோ மரநாரையோ பசையில் அழுத்திச் செய்த பலகை. முன்விளிம்பில் டேப் ஒட்டி, பின்விளிம்பையும் திருகுத் துளைகளையும் மூடாமல் விட்டிருப்பார்கள். ஈரம் அங்கேதான் ஏறும். ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொன்று என்று இரண்டும் வாங்குகிற ஊர் நம்முடையது. எதை வாங்கினாலும் புரட்டிப் போட்டு, அடியையும் பின்விளிம்பையும் பாருங்கள். கடற்கரையில் இரும்புக் கால் வைத்த தட்டும் வேண்டாம். பெயின்ட் ஒரு இடத்தில் பெயர்ந்தால் போதும், துரு உள்ளே பரவிவிடும்.

தக்கலை: என்ன உயரம் நல்லது?

நாகர்கோவில் நண்பருக்குச் சொன்னதுதான்.

குழித்துறை: லேப்டாப்பைத் தட்டில் வைக்கலாமா?

தனி கீபோர்டும் மவுஸும் இருந்தால் மட்டும்.

குலசேகரம்: எங்கள் பக்கம் ரப்பர் தடி (மரம்) மலிவு. ஆசாரி அது விறகுக்குத்தான் ஆகும் என்கிறார்.

ஆசாரி சொல்வது பச்சை ரப்பருக்குச் சரி. அந்தத் தடியில் மாவும் சர்க்கரையும் அதிகம். வெட்டிப் போட்ட சில நாளிலேயே நீலக்கறை பூஞ்சை பிடிக்கும், வண்டு துளைக்கும். அறுத்த கையோடு, பூஞ்சையும் வண்டும் அண்டாமல் போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்திய பலகை வேறு சரக்கு: வெளிர் நிறம், நேரான இழை, நன்றாக இழைக்கலாம். அறைக்குள் வைக்கும் தட்டுக்குத் தாராளமாகப் போதும். மழைச்சாரல் அடிக்கும் ஜன்னலோரம் மட்டும் வேண்டாம், போரான் நீரில் கரைந்து போகும். மருந்து ஏற்றியதா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

திருவட்டார்: அண்ணே, அயனி (ஆஞ்சிலி) மரம் இருக்கும்போது ரப்பரைச் சொல்லலாமா? படகு கட்டுகிற தடி அல்லவா?

அயனியின் உறுதியை நான் மறுக்கவில்லை. ஆனால் தட்டுக்கு என் கை பலாவுக்குத்தான் போகும். பத்மநாபபுரம் அரண்மனையில் தாய்க்கொட்டாரம் என்ற கட்டடத்து ஒற்றைப் பலாமரத் தூணைப் போய்ப் பாருங்கள், அந்த மரத்தில் எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்க முடியும் என்று தெரியும். புதிதாக அறுத்தால் மஞ்சளாக இருக்கும், வருடம் போகப் போகச் செம்பழுப்பாகும்; சாயமே தேவையில்லை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அருமனை: அயனிக்குத்தான் என் ஓட்டு. பலா வெடிக்கும்.

ஈரம் காயாமல் அறுத்தால் அயனியும் வெடிக்கும். குறை மரத்தில் இல்லை, அவசரத்தில்தான்.

மார்த்தாண்டம்: 4 அடி நீளத்தில் செய்தால் நடுவில் தொய்யுமா?

தொய்யும். அதே பாரத்துக்கு நீளம் இரட்டித்தால் தொய்வு எட்டு மடங்கு. பலகையின் தடிமன் இரட்டித்தால் எட்டில் ஒன்றாகக் குறையும். நடுவில் ஒரு கால் கொடுங்கள். கால் இடைஞ்சல் என்றால் முன்விளிம்பின் அடியில் ஒரு மரச்சட்டம் ஒட்டுங்கள். கீபோர்டு உள்ளே போக இடம் விட்டு ஒட்டுங்கள்.

கருங்கல்: உயரம் எவ்வளவு வைக்கலாம்?

முதல் பதிலைப் படியுங்கள், தயவுசெய்து. உங்கள் கண் உயரம் எனக்கு எப்படித் தெரியும்?

இரணியல்: பழைய கதவின் பலாப் பலகை கிடக்கிறது. ஆசாரியிடம் கொடுக்கலாமா?

உடனே கொடுங்கள், அதைவிடக் காய்ந்த பலகை கடையில் கிடைக்காது. பழைய ஆணிகளை நீங்களே பிடுங்கிக் கொடுங்கள். அடிப்பக்கத்துக்கும் வார்னிஷ் அடிக்கச் சொல்லுங்கள், பலர் மேல்பக்கத்தோடு விட்டுவிடுவார்கள். ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்தால் பலகை வளையும்.